கீழத்திட்டுக்காரர்கள் வரும் ஞாயிறு

பந்தாட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் எங்கள் வேம்புக்குப்பம் அணி ஆடுகிற ஆட்டமெல்லாம் பதினாறு வருஷமாக என் கடைச் சுவரில்தான் முதலில் ஆடி முடிக்கப்படும். அதனால் தெரிந்த மாதிரி தலையாட்டப் பழகிவிட்டேன். படகுத்துறைக்கும் பொன்னேரி பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில் என் கடை. டீ, போண்டா, காலையில் இட்லி. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது விலைப்பட்டியல் எழுதலாம் என்று வெளிச்சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தார். அவர் போன பிறகு அந்தச் சுவரைக் கண்ணப்பன் பிடித்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் சாக்பீஸோடு வந்துவிடுவார். 'வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் மண்ணில்' என்று பெரிதாகத் தொடங்கும். கீழே எதிரணியைப் பற்றி மூன்று வரி. அது முழுக்கத் திட்டு. பிறகு நம் பதினோரு பேர், யார் எந்த இடம், யாருக்குக் கணுக்காலில் வீக்கம். கடைசியில் 'வெற்றி நமதே'. பாதி ஆட்டத்துக்கு மேல் தோற்றிருக்கிறோம். அந்தக் கடைசி வரியை அவர் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. ஞாயிறு போய்த் திங்களன்று கேட்டால், "நடுவர் கண்ணுல இன்னா இருந்துச்சோ" என்பார்.

அவர் ஆடியவர் இல்லை. இருபது வயதில் ஆடத் தொடங்கி மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அந்தக் காலோடுதான் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டி ஐம்பத்திரண்டு வயது வரை வந்தார். ஏரிக்கரை லீக்கில் எட்டு ஊர் அணிகள். நம் ஊரில் ஆட்டம் என்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தொண்ணூறு நிமிஷமும் அந்தக் கோல்கீப்பரிடம் குசலம் விசாரிப்பார். உங்க அம்மா நல்லா இருக்காங்களா, கல்யாணம் ஆயிடுச்சா, இந்தக் கையிலா பந்து பிடிக்கிறாய் என்று. ஒருவன் பொறுக்க முடியாமல் பந்தை விட்டுவிட்டு இவரைத் துரத்தியிருக்கிறான். அதில் நமக்கு ஒரு கோல் கிடைத்தது. அதை அவர் ஆறு வருஷம் சொன்னார்.

நிவேதா அவருக்கு ஒரே பெண். நடக்கத் தெரியாத வயதிலிருந்து அவர் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். பத்து வயதில் என் கடை மேசையில் டீ கிளாஸ்களை அடுக்கி ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு விளக்கினாள். எனக்குப் புரியவில்லை. "ரோஸத்தே, நீ போண்டா போடு, அதான் உனுக்கு சரி" என்று எழுந்து போய்விட்டாள். பிள்ளை இல்லாத எனக்கு அவள் அப்படிப் பேசுவது அவ்வளவு பிடிக்கும்.

மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் ஊருக்கு எதிரே ஏரிக்குள் இருக்கிற தீவு கீழத்திட்டு. அந்த ஊர் அணியில் வினோத் என்று ஒருவன் முன்னால் நின்று ஆடுவான். கண்ணப்பன் மூன்று வருஷம் அவனைத் திட்டித் திட்டியே அவன்மேல் ஆசை வைத்துவிட்டார். "இடது கால்ல அடிக்கறான் ரோஸு, வலது கால்லயும் அடிக்கறான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. போய்ப் பெண் கொடுக்கப் பேசிவிட்டு வந்தார். தெய்வநாயகிக்கு, அவர் சம்சாரத்துக்கு, தீவில் கொடுக்க மனசே இல்லை. ஆனால் பையன் நல்ல பையன். நிவேதாவுக்கும் பிடித்திருந்தது. போன வருஷம் தை மாதம் கல்யாணம் நடந்தது.

அடுத்து வந்த சித்திரையில் கீழத்திட்டில் ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்து, முடிகிற நேரத்தில் வினோத் ஒரு கோல் போட்டான். பந்து அவன் கையில் பட்டு உள்ளே போனது என்று நம் ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். நடுவர் பார்க்கவில்லை என்றார். தோற்றோம். திங்கட்கிழமை கண்ணப்பன் கடைப்பக்கம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்குப் பாடு.

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குச் சொந்தமாகப் பாடு கிடையாது, நான் மாதா கோயில் தெருக்காரி, எங்கள் ஆட்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடங்களை ஊர் ஊராகப் பங்கு பிரித்து எல்லைக்குச் சவுக்குக் கழி நட்டிருப்பார்கள். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் நாள் முறை வரும். அந்த முறைதான் பாடு. அதுதான் சோறு. எல்லையில் ஏதாவது தகராறு என்றால், அன்றைக்கு யாருக்குப் பாடோ அவர் சொல்வதே சாட்சி. இரண்டாவது ஆளைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பார்த்தால் எல்லைக் கழி பிடுங்கப்பட்டு நம் பக்கம் வெகுதூரம் உள்ளே நட்டிருந்தது. ஊர் கூடியது. தலைவர் தனசேகர் கேட்டார்: "கீழத்திட்டுக்காரன் புடுங்கனத நீ பாத்தியா?"

கண்ணப்பன் பார்த்தது தூரத்தில் புகை மாதிரி இருந்த மூடுபனிக்குள் ஒரு படகு போனதை மட்டும்தான். எந்த ஊர்ப் படகு என்றே தெரியாது. கழியில் யாரும் கை வைத்ததை அவர் பார்க்கவில்லை. இதை அவர் எனக்குச் சொன்னது பல மாதம் கழித்து. அன்றைக்கு ஊர் நடுவில், அம்மன் கோயில் வாசலில் நின்று, "பாத்தேன்" என்று சொன்னார். "ஏண்ணா அப்டி சொன்ன?" என்று கேட்டேன். "அந்தக் கையி ரோஸு. கையில பட்ட பந்து. அதுதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. இவனுங்க எல்லாத்தயும் இப்டிதான் எடுத்துப்பானுங்கன்னு வாயில வந்துடுச்சு" என்றார். ஒரு பந்துக்காக. எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

ஊர்க்கட்டு போட்டார்கள். கீழத்திட்டுப் படகு நம் துறையில் கயிறு கட்டக்கூடாது. போக்குவரத்து, கொடுக்கல் வாங்கல் ஒன்றும் கூடாது. மீறுகிற வீட்டுக்குப் பாடு இல்லை. கீழத்திட்டிலும் பதிலுக்கு அதையே போட்டார்கள். நிவேதா அந்தப் பக்கம், தாயும் தகப்பனும் இந்தப் பக்கம். துறையில் நின்றால் அவர்கள் ஊர்த் தென்னைமரம் தெரியும்.

போனில் பேசிக்கொண்டார்கள். ஆடியில் அவள் முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. வளைகாப்புக்கு தெய்வநாயகி வாங்கின வளையல்கள் அட்டைப்பெட்டியோடு பரணில் ஏறின. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே எல்லாச் சாதியிலும் உள்ளது, அது நடக்காது என்று ஆகிவிட்டது. அதைக்கூடப் பொறுக்கலாம். மாசி பிறந்தபோது எட்டாவது மாதம். "நைனா, காலு வீங்கிக்கினே போவுது. செருப்பு ஏற மாட்டுது. தலைவலி வுடவே மாட்டுது" என்று நிவேதா போனில் அப்பாவிடம் சொன்னாள். படகில் வந்து பார்க்கிற நர்ஸம்மா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இனிமேல் தீவில் இருக்காதே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இரு என்று சொல்லிவிட்டார்கள். நம் துறைக்கு வந்தால் ரோடு, ஆம்புலன்ஸ், பொன்னேரி. கட்டு இருப்பதால் வடக்கே சுற்றி வேறு துறைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் மாசியில் தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடக்கும், படகை ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். போனாலும் அங்கே தங்குவதற்கு யார் வீடு இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் லீக் அட்டவணை வந்தது. மாசி மூன்றாவது ஞாயிறு, வேம்புக்குப்பம், கீழத்திட்டு. ஆட்டம் நம் மண்ணில்.

ஊர்ச் சண்டை எங்களுக்கு வேண்டாம், ஆட வராத அணிக்குத் தோல்வி, ஆட விடாத ஊருக்கு லீக்கில் இடம் இல்லை என்று நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். புள்ளிப் பட்டியலில் நாம் இரண்டாவது. இளவட்டங்கள் தலைவரைப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில், அந்த ஒரு நாள் மட்டும், இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை கீழத்திட்டுப் படகு கயிறு கட்டலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

கண்ணப்பன் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொன்னார். "ஆட்டம் பாக்கற பொம்பளைங்களோட அவளும் படகுல வந்துடுவா. மாப்ளகிட்ட பேசிட்டேன். ஆட்டம் முடிஞ்சு படகு போவும். அவ போவ மாட்டா. வந்து உக்காந்த புள்ளத்தாச்சிய போன்னு எவன் சொல்லுவான் ரோஸு?"

எவனும் சொல்ல மாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். கழி விஷயத்தை எனக்கு அவர் சொன்னதும் அன்றைக்குத்தான்.

அதிலிருந்து இரண்டு வாரம் அந்த மனிதர் தூங்கினாரோ என்னவோ. ஏரியோரத்து உப்புத் தரையில்தான் மைதானம். நண்டு வளைகளை ஒவ்வொன்றாக மண் போட்டு மிதித்தார். சாய்ந்திருந்த சவுக்குக் கம்பங்களை எடுத்து நிமிர்த்தி நட்டார். தம் பழைய வலையையே வெட்டிக் கோலுக்குப் பின்னால் கட்டினார். கோல்கீப்பர் முரளி துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஞாயிறு ஷிப்ட். அவன் மேஸ்திரி வீட்டுக்குப் போய் அந்த ஆளுக்கு உயிர் இறாலாக ஒரு கூடை கொடுத்து ஷிப்டை மாற்றி வைத்தார். ஆட்டம் நடந்தே ஆக வேண்டும். பதினோரு பேரில் ஒருவனுக்குச் சளி பிடித்தால்கூட இவர் கஷாயத்தோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். ஊர், கண்ணப்பன் மகளைக் கண்டானா, பந்தைக் கண்டானா, இவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று பேசியது. அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பிறகு அந்த வியாழக்கிழமை. சாக்பீஸோடு வந்தார். வெகுநேரம் எழுதினார். நான் வடைச்சட்டியை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் சுவரில் ஒரு திட்டுகூட இல்லை. 'வரும் ஞாயிறு நம் மண்ணில் நடக்கும் ஆட்டத்துக்குக் கீழத்திட்டு அணியை வரவேற்கிறோம். நல்ல அணி. பெண்கள், குழந்தைகள் உட்கார வடக்குப் பக்கம் நிழல் போடப்படும். குடிதண்ணீர் உண்டு.' கடைசியில் இருக்க வேண்டிய 'வெற்றி நமதே' இல்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாண்ணா, பந்தாட்டமா, சம்பந்தி விருந்தா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணப்பன் என்னைப் பார்த்த பார்வையில்தான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. பெஞ்சில் தலைவர் தனசேகர் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார்.

"பொம்பளைங்களுக்கு நெழலா? எந்த ஊரு பொம்பளைங்களுக்கு?"

"ஆட்டம் பாக்க வருவாங்கல்ல தலைவரே."

"நம்ம கட்டு ஆட்டக்காரனுக்குத்தான் தளர்த்திகீது கண்ணப்பா. உம் பொண்ணுக்கு இல்ல."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் கூடிக் கீழத்திட்டுக்குப் போனில் சொல்லியனுப்பினார்கள். ஆடுகிற பதினோரு பேர், மாற்று ஆட்கள் மூன்று பேர், பயிற்சி கொடுக்கிறவர் ஒருவர். வேறு யாரும், முக்கியமாகப் பெண்கள், கரையில் கால் வைக்கக்கூடாது. பதில் வரவில்லை. கண்ணப்பன் வினோத்துக்குப் போன் போட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள் மாமா, ஆனாலும் கூட்டிக்கொண்டு வரப் பார்க்கிறேன் என்றானாம்.

ஞாயிறு வந்தது. சுண்ணாம்புக் கோடெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவர் சொன்னபடி வடக்குப் பக்கம் பந்தலும் போட்டிருந்தார். தலைவர் பிரிக்கச் சொன்னார், அவர் காதில் வாங்கவில்லை. பொன்னேரியிலிருந்து நடுவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். தெய்வநாயகி ஒரு தூக்கில் ஏதோ செய்து எடுத்துக்கொண்டு துறையில் நின்றாள். நான் கடையைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணப்பன் மைதானத்துக்கும் துறைக்குமாக அந்தக் கெட்ட காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

நான்கு மணி ஆயிற்று. ஏரியில் ஒரு படகு இல்லை. நடுவர் இன்னும் அரை மணி நேரம் விதிப்படி பொறுத்துப் பார்த்தார். பிறகு பதினோரு பேரையும் நடுவில் வரிசையாக நிற்க வைத்து விசில் ஊதி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். கீழத்திட்டு வரவில்லை, வேம்புக்குப்பத்துக்கு வெற்றி. மூன்று புள்ளி. பட்டியலில் முதலிடம்.

சரவெடி கொளுத்தினார்கள். பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் ஏறிக் குதித்தார்கள். யாரோ நாலு பேர் கண்ணப்பனைத் தூக்கப் போனார்கள். அவர் அவர்களை உதறிவிட்டு மைதானத்து நடுவில் போய் நின்றார். "எல்லாரும் கேளுங்கோ" என்று கத்தினார். வெடிச் சத்தம் அடங்குகிற வரைக்கும் கத்தினார்.

"கழிய அவனுங்க புடுங்கனத நான் பாக்கல. பனிக்குள்ள ஒரு படகு போச்சு, அவ்ளோதான். ஆட்டத்துல தோத்த வயித்தெரிச்சல்ல பொய் சொன்னேன். அம்மன் மேல ஆணையா பொய்யி. கட்ட அவுருங்கோ. எம் பொண்ணு வந்துடட்டும்."

தனசேகர் வந்து அவர் தோளில் கை போட்டார். அந்த ஆள் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. இரக்கத்தோடுதான் பேசினார். "பொண்ணுக்காவ பேசற. பெத்த மனசு, புரியுது. ஆனா அன்னிக்கு சொன்னது சொன்னதுதான். உம் பாடு நாளுல நின்னுகினு சொன்ன. இன்னிக்கு பொண்ணு வரலன்னதும் மாத்தி பொய் சொன்னா ஊரு இன்னா பண்ணும், சொல்லு?"

"இதுதான் நெசம்" என்றார் கண்ணப்பன். எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. "எனக்குத் தெரியும், எங்கிட்ட சொல்லிக்கிறாரு" என்று நான் போய்ச் சொன்னேன். "நீ உங்கூட்டு வேலையப் பாரு ரோஸக்கா, உனுக்கு ஏது பாடு?" என்று ஒருவன் சொன்னான். இரண்டு பேர் கண்ணப்பனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

புதன்கிழமை காலையில் நிவேதாவுக்கு வலிப்பு வந்தது. படகில் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். வினோத் நம் துறைக்குத் திருப்பச் சொன்னானாம். பெண்கள் கால் வைக்கக்கூடாது என்று ஐந்து நாளைக்கு முன்னால் சொல்லியனுப்பிய துறை. அங்கே மறித்தால் நேரம் போய்விடும் என்று பெரியவர்கள் வடக்கே விடச் சொன்னார்கள். சேற்றில் படகு தட்டியது. ஆறு பேர் இறங்கித் தள்ளினார்கள். கரை தெரிகிற தூரத்தில் அவள் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

சாவுக்கு ஊர்க்கட்டு கிடையாது. அது எல்லாக் குப்பத்திலும் உள்ள வழக்கம். பத்து மாதமாக ஒரு படகு போகாத அந்தத் தண்ணீரில் அன்று பிற்பகல் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது படகு போனது. தலைவர் மாலையோடு முதல் படகில் இருந்தார். நானும் தெய்வநாயகியும் கண்ணப்பனும் அதே படகில் இருந்தோம். கீழத்திட்டு இளவட்டங்கள் தண்ணீரில் இறங்கி வந்து எங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார்கள்.

தெய்வநாயகி எழுந்து தனசேகரைப் பார்த்துக் கேட்டாள். "எத்தினி பொம்பளைங்க எறங்கலாம்னு சொல்லு தலைவரே. அத்தினி பேரு எறங்கறோம்."

எல்லாரும் இறங்கிவிட்டோம். கண்ணப்பன் மட்டும் படகிலேயே உட்கார்ந்திருந்தார். வினோத் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அவரிடம் வந்தான். அவன் லுங்கியெல்லாம் காலையில் படகு தள்ளிய சேறு. கண்ணப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கழிய நீங்க புடுங்கனத நான் பாக்கல மாப்ள."

"தெரியும் மாமா" என்றான் அவன். "அவளுக்கும் தெரியும். கட்டு போட்ட அன்னிக்கே சொன்னா. எங்க நைனா ஒண்ணும் பாத்துருக்காது, ஆட்டத்துல தோத்துடுச்சுல்ல, ரெண்டு நாள் அப்டிதான் இருக்கும், அப்பறம் தானா வந்து சொல்லிடும்னு. தெனம் சொல்லிக்கினு இருந்தா."

கண்ணப்பனுக்கு அழுகை வரவில்லை. வினோத் அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான்.